மூன்று கட்டங்களில் ஒரு தோட்டம்

ஜூன் 10, திங்கள்

தோட்டம் போடும் பீர்முகமது இன்று வரைபடத்தோடு வந்தார். மேலப்பாளையத்தில் நர்சரி வைத்திருக்கிறார். ரோஜாப் பதியன் விற்கிறவர்தான், ஆனால் கார்டில் 'லேண்ட்ஸ்கேப் ஆலோசகர்' என்று அச்சடித்திருக்கிறது. இந்தக் காலத்தில் ஆலோசகர் இல்லாத தொழில் எது? படத்தில் எங்கள் வீட்டைச் சுற்றிப் பச்சைப் பச்சையாக மேகம் வரைந்திருந்தார். நடுவில் நீல நிறத்தில் ஒரு முட்டை.

"இது என்ன?"

"தாமரைக் குளம் மேடம். ஒரு அடி ஆழந்தான். சாயங்காலம் நீங்களும் சாரும் பக்கத்துல உக்காந்து காப்பி குடிக்கலாம்."

"பாளையங்கோட்டைக் கொசுவுக்கு நாம தனியா குளம் வேற வெட்டிக் குடுக்கணுமாக்கும்?" என்று கேட்டு, முட்டையைச் சிவப்புப் பேனாவால் அடித்தேன். கருவூலத்தில் முப்பத்திரண்டு வருடம் ஊரார் பில்லில் சிவப்பு மை போட்ட கை இது.

என் திட்டத்தை நானே எழுதி வைத்திருந்தேன். மூன்று கட்டம். முதல் கட்டத்தில் கிணற்றுக்கு இரும்பு மூடி, பின்வாசலைச் செங்கல் வைத்து அடைப்பது, மூன்றடி முன்சுவரை ஆறடியாக உயர்த்துவது, உள்ளே பூட்டுப் போடும் புது கேட். இரண்டாம் கட்டத்தில் படிகளை எடுத்துவிட்டுச் சரிவு, நடைபாதை. செடியெல்லாம் மூன்றாம் கட்டத்தில்.

பீர்முகமது தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாரும் அழகுல ஆரம்பிப்பாவ மேடம். நீங்க பூட்டுல ஆரம்பிக்கிய. திருட்டு பயமா?"

ஆமாம் என்றேன். சொன்னால் உடனே புரிகிற காரணம் அதுதான்.

ஜூன் 11, செவ்வாய்

மதிப்பீடு: முதல் கட்டம் 1,60,000. இரண்டாவது 1,35,000. மூன்றாவது 85,000. ஆக 3,80,000. பீர்முகமது கொடுத்த தாளில் கூட்டலில் பிழை. எனக்குச் சாதகமான பிழைதான். இருந்தாலும் திருத்திக் கொடுத்தேன்.

ஜூன் 14, வெள்ளி

முன்பணத்துக்கு வீட்டுக்காரர் தன் கணக்கிலிருந்து கொடுத்த செக்கை, கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று வங்கி திருப்பிவிட்டது. கவுண்டரில் இருந்த பெண் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். அவளுடைய பரிதாபத்தை யார் கேட்டது? பேனா சரியில்லை, அவ்வளவுதான். என் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

மஸ்கட்டிலிருந்து ஜெமிமா கூப்பிட்டாள். வாரம் ஒரு நாள், சர்ச் முடிந்து பதினைந்து நிமிடம் மகளாக இருக்கிறாள்.

"அப்பாட்ட குடுங்கம்மா."

"தூங்குறாவ."

"பதினோரு மணிக்கா? போன வாரமும் தூங்குனாங்க."

"வயசானா தூங்கத்தான் செய்வாவ. நீ வச்சிட்டு ஒன் சோலியப் பாரு."

அவர் எனக்கு எதிரில்தான் உட்கார்ந்து பழைய செய்தித்தாள்களை அடுக்கிச் சணல் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். ரயில்வே அஞ்சல் பிரிவில் முப்பத்தாறு வருடம் ஓடும் ரயிலில் தபால் பிரித்தவர். கை சும்மா இருக்காது. அதில் என்ன தப்பு? இன்றைக்கு வந்த பேப்பரையும் நான் படிப்பதற்கு முன்பே கட்டிவிட்டார், அது ஒன்றுதான்.

ஜூன் 25, செவ்வாய்

கிணற்றுக்கு மூடி வந்துவிட்டது. எதிர்வீட்டுக் கோமதி தன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து முழு வேலையையும் மேற்பார்வை பார்த்தாள். புருஷன் போன பிறகு அவளுக்கு இந்த ஒரு உத்தியோகம்தான், எதிர்வீட்டைப் பார்ப்பது. சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது.

மத்தியானம் மூன்று மணிக்கு அவர் வழக்கம்போலச் சட்டையைப் போட்டுக்கொண்டு தோல்பையை எடுத்தார். "டூட்டிக்கு நேரமாச்சு. மெயில் வந்துரும்."

ஓய்வூதியப் புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். "பதிமூணு வருசம் முந்தியே ரிட்டயர் ஆயாச்சு. இதுல தேதி போட்டிருக்கு பாருங்க."

கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்தார். "பாவம், இது யாரோட புக்கு?" என்றார்.

பிறகு சத்தம், பிறகு கதவை இழுப்பது, பிறகு அழுகை. நாலரைக்கு ஓய்ந்தது. நேற்றும் இப்படித்தான். மத்தியானத் தூக்கம் கூடிப்போனால் யாருக்கும் கொஞ்சம் கலங்கும். ஏதாவது பொய்யைச் சொல்லி உட்கார வைக்கலாம். எனக்கு அது வராது. உள்ளதை உள்ளபடி சொல்லியே பழக்கம்.

ஜூலை 2, செவ்வாய்

நரம்பு டாக்டரிடம் போய்வந்தோம். டாக்டருக்கு மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. இவரிடம் தாளைக் கொடுத்து, "தாத்தா, ஒரு கடிகாரம் வரைங்க, மணி பதினொண்ணு பத்து" என்கிறான். வண்டி ஒரு நிமிடம் தாமதமானாலும் பதிவேட்டில் குறித்தவரைப் பார்த்து.

அவர் வட்டம் போட்டார். பன்னிரண்டு எண்ணும் வலது பக்கமாகவே குவிந்துவிட்டன. காகிதம் வழுவழுப்பு, மேசையும் ஆடியது. டாக்டர் பெரிய பெரிய வார்த்தையாகச் சொல்லி மாத்திரை எழுதினான். "வீட்ல எல்லாருக்கும் தெரியுமா? அக்கம்பக்கத்துல சொல்லி வைங்கம்மா" என்று உபதேசம் வேறு.

என் வீட்டு விஷயத்தைத் தெருவில் தமுக்கு அடிக்க அவனுக்கு ஐந்நூறு ரூபாய் ஃபீஸ்.

ஜூலை 9, செவ்வாய்

சுவர் ஆறடி ஆகிவிட்டது. பூச்சு பாக்கி. கோமதி தெருவைக் கடந்து வந்து தலையை அண்ணாந்து பார்த்தாள்.

"என்னக்கா, ஜெயிலு கட்டுதியளா?"

"ஆமா. வேடிக்க பாக்கவங்கள உள்ள போடலாம்னு."

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவமானம் உறைக்காத ஜென்மம். நாற்காலியில் உட்கார்ந்தால் இனி அவளுக்குத் தெரிவது சிமெண்டு மட்டும்தான். இந்த 1,60,000-இல் எனக்கு மிகவும் திருப்தி தந்த செலவு அதுதான்.

ஜூலை 18, வியாழன்

இரண்டாம் கட்டம் தொடங்கியது. நடைபாதைக்கு மாதிரிக் கற்களை வாசலில் பரப்பியிருந்தார் பீர்முகமது. சாம்பல் கல்லுக்கு நடுநடுவே கருங்கல் பட்டை. நட்சத்திர ஓட்டல் மாதிரி இருக்குமாம். தங்குகிறவர்கள் இரண்டு பேர், அதில் நட்சத்திரம் எங்கிருந்து வந்தது?

அவர் உள்ளேயிருந்து வந்தார். சாம்பல் கல்லில் நன்றாக நடந்தார். கருப்புப் பட்டை வந்ததும் நின்றுவிட்டார். ஒரு காலைத் தூக்கினார், வைக்கவில்லை. கிணற்று விளிம்பில் நிற்கிறவர் போல என் தோளைப் பிடித்துக்கொண்டார். விரல் பதிந்தது.

"எனக்குக் கருப்புப் பிடிக்காது. எடுத்துருங்க" என்றேன்.

பீர்முகமது உடனே குனிந்து பட்டைகளை அள்ளினார். வீட்டுக்காரர் உள்ளே போனபிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சாருக்கு எத்தன நாளா இப்படி இருக்கு மேடம்?"

"எப்படி?"

"எங்க மாமியாருக்கும் இருந்துச்சு. கருப்புத் தரை அவங்களுக்குக் குழி மாதிரி தெரியும். வீட்ல கருப்பு மிதியடிகூடப் போடமாட்டோம்."

செடிக்கு ஆலோசகர் மூளைக்கும் ஆலோசகர் ஆகிவிட்டார். "கல்லு விலை என்னன்னு மட்டும் சொல்லுங்க" என்றேன்.

சொன்னார். பிறகு என் வரைபடத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். நான் கேட் வரை நேராகப் போட்டிருந்த பாதையை வளைத்து, மாமரத்தைச் சுற்றி, கிணற்றடி வழியாக மறுபடியும் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தார். "எந்தப் பக்கமா நடந்தாலும் வாசலுக்கே வந்துரும் மேடம். முட்டி நிக்காது. முட்டி நின்னாத்தான் அவங்களுக்குக் கோவம் வருது."

ஒப்புக்கொண்டேன். அடி கணக்கில் நான்காயிரம்தான் கூடுதல். அதனால்தான்.

ஜூலை 30, செவ்வாய்

செடிப் பட்டியலில் அரளி இருந்தது. அடித்தேன். குண்டுமணிக் கொடி, அடித்தேன். கள்ளி, அடித்தேன். "அரளி வச்சா பராமரிப்பே இல்ல மேடம்" என்றார். போன வாரம் வீட்டுக்காரர் வாயிலிருந்து குரோட்டன்ஸ் இலையை எடுத்தது இவருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

ஆகஸ்ட் 7, புதன்

இன்று எழுத முடியாது.

ஆகஸ்ட் 8, வியாழன்

நேற்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மூன்று மணிக்கு ஜல்லி லாரி வந்தது. கேட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். லோடு அளவு குறைவு. டிரைவரிடம் டேப் வைத்து அளந்து காட்டி வாதாடிக்கொண்டிருந்தேன். அவன் தப்பை ஒப்புக்கொள்ளும் வரை விடவில்லை. ஒப்புக்கொண்டான். உள்ளே வந்து பார்த்தால் அவர் இல்லை. ஆணியில் தோல்பையும் இல்லை. மணி 3.25.

குளியலறை, மாடி, கிணற்றடி. கிணறு மூடித்தான் இருந்தது, இருந்தும் மூடியைத் தட்டிப் பார்த்தேன். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, கடைக்குப் போகிறவள் மாதிரி வெளியே வந்தேன்.

"இந்த வெயில்ல எங்கக்கா?" என்றாள் கோமதி.

"தபாலாபீசுக்கு."

அவளிடம் அப்படித்தான் சொன்னேன். அவள் நாற்காலி நான்கு அடி தூரத்தில் இருந்தது. நின்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நிற்கவில்லை. ஒன்றேகால் மணி நேரம் சர்ச் தெரு, மார்க்கெட், பஸ் நிறுத்தம் என்று தனியாக நடந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

திரும்பியபோது கேட்டில் பீர்முகமது நின்றார். என் முகத்தைப் பார்த்தார். "சார் எங்க?"

"வாக்கிங் போயிருக்காவ."

"மேடம், வெக்கப்படுததுக்கு இது நேரமில்ல. எத்தன மணிக்குப் போனாவ?"

குடையை மடக்கினேன். கோமதி தெருவைக் கடந்து ஓடிவந்தாள்.

"சாரா? மூணேகாலுக்கே கையில பையோட போனாவளே! எங்க சார்னு கேட்டேன். டூட்டிக்குன்னு சொல்லிச் சிரிச்சாவ. நல்லாத்தான் பேசுனாவ, நான் என்னத்தக் கண்டேன்? நீங்க ஒரு வார்த்த சொல்லிருந்தா கையப் புடிச்சி உக்கார வச்சிருப்பேன்லா?"

இரண்டு மாதமாக அவள் கண்ணை மறைக்க நான் கட்டிய சுவர். அவர் போவதைப் பார்த்த ஒரே ஆள் அவள்தான்.

பீர்முகமது நர்சரி வண்டிகளை நாலு பக்கமும் அனுப்பினார். கோமதி ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஃபோன் போட்டாள். அங்கே இருக்கிற ஒவ்வொருவனையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். காவல் நிலையத்துக்கு நான்தான் பேசினேன். வயது, உயரம், சட்டை நிறம் சொன்னேன்.

"பேர் கேட்டா சொல்லுவாரா?"

"அருமைநாயகம்னு சொல்லுவாவ."

"வீட்டு அட்ரஸ்?"

"தெரியாது."

"ஏன்மா, என்ன கோளாறு?"

கோமதியும் பீர்முகமதும் என்னையே பார்த்தார்கள்.

"மறதி நோய்" என்றேன். "பத்து மாசமா."

ஆறு மணி பத்துக்கு ஒரு ஆட்டோக்காரர் கண்டுபிடித்தார். ஆற்றுப்பாலத்தின் நடுவில், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். ரயில்வே ஜங்ஷனுக்குப் போகிற வழி அது. பஸ்கள் சட்டையை உரசிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. ஒரு காலில் செருப்பு இல்லை. பாதம் முழுக்க ரத்தம்.

வெந்நீரில் காலைக் கழுவி மருந்து போட்டேன். அவர் என் தலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ரொம்ப நன்றிம்மா. நீங்க இங்கதான் வேல பாக்கியளா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். அது உண்மைதானே.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஜெமிமா கூப்பிட்டாள். தூங்குறாவ என்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அழுதாள், பிறகு திட்டினாள், மறுபடியும் அழுதாள். "எங்கிட்டகூடவா மறைப்பீங்க? நான் என்ன அடுத்த வீட்டுக்காரியா?" என்றாள். அடுத்த வீட்டுக்காரிக்கு நாலு நாள் முந்தியே தெரியும் என்று சொல்ல நினைத்துச் சொல்லவில்லை.

ஃபோனை அவரிடம் கொடுத்தேன். யாரென்று தெரியாமலே, "நல்லா சாப்பிடும்மா" என்றார். அவள் பத்து நிமிடம் வைக்கவே இல்லை. டிசம்பர் லீவுக்கு வருகிறவள் செப்டம்பரிலேயே வருகிறாளாம்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

தெருவில் பதினோரு வீடு. ஒவ்வொரு வீடாக ஏறி, அவருக்கு இப்படி, தனியாகப் பார்த்தால் நிறுத்தி வையுங்கள், இது என் நம்பர் என்று சொன்னேன். பென்ஷன் விண்ணப்பத்தோடு என் மேசைக்கு முன்னால் நிற்கிறவர்களை நான் எப்படிப் பார்த்தேனோ அப்படி யாராவது பார்ப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

பதினொன்றில் எட்டு வீட்டுக்கு ஏற்கெனவே தெரியும். மூலைவீட்டுக்காரர், "ஏப்ரல்ல எங்க வீட்டுக்கு வந்து தபால் ஏதும் இருக்கான்னு கேட்டாரும்மா. நாங்களும் ரெண்டு பழைய கவரக் குடுத்து அனுப்புனோம்" என்றார். நான் வருத்தப்படுவேன் என்று நினைத்து எவரும் என்னிடம் சொல்லவில்லை.

ஆக, இந்தத் தெருவில் இவ்வளவு நாளாக விஷயம் தெரியாதது போல இருந்தவள் நான் ஒருத்திதான். அதற்குத்தான் இத்தனை சிமெண்டு.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

திருத்திய மதிப்பீடு. முன்சுவரை மறுபடியும் மூன்றடியாக இடித்து இறக்க 14,000. கேட் பூட்டு அப்படியே இருக்கட்டும். கட்டியதற்கும் காசு, இடித்ததற்கும் காசு. கருவூலத்துக்கு இப்படி ஒரு பில் வந்திருந்தால் அந்த அதிகாரியை வேலையை விட்டு அனுப்பச் சொல்லி நானே குறிப்பு எழுதியிருப்பேன்.

"பூசி ஒரு மாசங்கூட ஆகலயே மேடம்" என்றார் பீர்முகமது. அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. சிரித்திருந்தால் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும்.

"உள்ள இருக்கவரு தெருவுக்குத் தெரியணும். மூணடி போதும்."

இடித்த செங்கல்லைத் திரும்ப எடுத்துக்கொண்டு, மூன்றாம் கட்டச் செலவில் ஆறாயிரம் குறைத்துக்கொண்டார். நான் கேட்கவில்லை. கூட்டல் தெரியாத ஆலோசகர்.

செப்டம்பர் 3, செவ்வாய்

பாதை முடிந்துவிட்டது. செம்பருத்தி, நந்தியாவட்டை, வல்லாரை, துளசி, கறிவேப்பிலை. வாயில் போட்டாலும் மோசமில்லாதவை. பட்டியலை பீர்முகமதுவே போட்டுக்கொண்டு வந்தார். இந்த முறை சிவப்பு மைக்கு வேலை வரவில்லை, எரிச்சலாக இருந்தது. அழகு சுமார். அளவுக்குச் சரியாக வந்திருக்கிறது, 92 அடி சுற்று.

இன்று மூன்று மணிக்கு அவர் பையோடு கிளம்பினார். ஒன்பது சுற்று. கூடவே நடந்தேன். ஒவ்வொரு சுற்றிலும், ரிட்டயர் ஆனதை எடுத்துச் சொன்னேன். ஏழாவது சுற்றில் என்னைத் தள்ளினார். மாமரத்தில் சாய்ந்துகொண்டேன். முழங்கை சிராய்ப்பு. கோமதி எதிரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க என்னத்துக்கு அவியள்ட்ட வக்கீல் மாதிரி வாதாடுதிய? ஜெயிச்சி என்ன செய்யப் போறிய?"

அறிவுரை சொல்கிற தகுதியைப் பார்.

செப்டம்பர் 12, வியாழன்

மத்தியானம் கோமதி வந்து, "நீங்க போய்ப் படுங்க, நான் ஒரு மணிக்கூறு பாத்துக்கிடுதேன்" என்றாள். வேண்டாம் என்றேன். என் கையிலிருந்த கேட் சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். கட்டிலில் சும்மா சாய்ந்தேன்.

விழித்தபோது மணி ஐந்து. பதினொரு மாதத்தில் பகலில் தூங்கியது இன்றுதான். செருப்பில்லாமல் வெளியே ஓடினேன்.

இருவரும் செம்பருத்திப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மடியில் தோல்பை. கையில் டீ. கோமதி கன்னத்தில் கைவைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். மணியாச்சியில் மெயில் நிற்கிறதாம். இஞ்சினில் கோளாறாம். ஸ்டேஷன் மாஸ்டரே அவளுக்கு ஃபோன் போட்டு, சாரை அவசரப்பட வேண்டாம் என்று சொல்லச் சொன்னாராம். ஸ்டேஷன் மாஸ்டருக்கு இவள் அத்தை மகள் பார். ஒரு வாக்கியத்தில் மூன்று பொய். கூச்சமே இல்லாமல் வாயிலிருந்து வழிகிறது. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, "மணியாச்சில எப்பவும் இப்படித்தான்" என்று டீயை உறிஞ்சினார். முகத்தில் சண்டை இல்லை. அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று கணக்குப் போட்டேன். கணக்கு வரவில்லை.

என்னைப் பார்த்ததும் கோமதி எழுந்து, சாவியைக் கொடுத்துவிட்டு, அரிசி ஊறப்போட வேண்டும் என்று போனாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பையின் வாரைத் தோளில் ஏற்றினார். "ஏம்மா, மெயில் எப்ப வரும்?"

ஓய்வூதியப் புத்தகம் உள்ளே அலமாரியில் இருந்தது. தேதி எனக்கு மனப்பாடம். அவர் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார், கேள்வி கேட்ட குழந்தையைப் போல வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

"ஆறரைக்குத்தான்" என்றேன். மறுபடியும் சொன்னேன். "ஆறரைக்கு. இன்னும் நேரம் கெடக்கு. பைய இப்படிக் குடுங்க, நான் வச்சிருக்கேன்."

கொடுத்தார்.